இடது பக்கம் ஏழேகால்

ஆரணி
4 ஆகஸ்ட் 2024

அன்பு மகள் மதிவதனிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். அங்கே நீ ஓடிக்கொண்டிருக்கிறாய் என்று உன் கடிதம் சொல்கிறது.

மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறையும் அதே எண்கள்தான் இருந்தன. ஏரியில் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீச்சல். கரையேறி நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள். இறங்கி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில், நாற்பத்தாறு வயதில். சைக்கிள் தூரம் இங்கிருந்து சென்னைக்குப் போய் அதற்கு மேலும் மிஞ்சுகிறது. ஓட்டம் மட்டுமே போளூர் போய்ப் பாதி வழி திரும்புகிற தூரம்.

பக்கத்து வீட்டு கீதாவிடம் சொன்னேன். "இன்னாம்மா இது, உங்க பொண்ண யாராவது தொரத்தறாங்களா?" என்றாள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

நீ இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. அப்பாவின் திதிக்குப் போன ஆவணியிலும் வரவில்லை, இந்த ஆவணிக்கும் வரப்போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். காரணம் வேலை. சைக்கிள் ஓட்ட நேரம் இருக்கிறவளுக்கு வேலை என்ன வேலை என்று கேட்க மாட்டேன். கீதா தன் போனில் உன் முகம் காட்டுகிறேன் என்று இரண்டு முறை முயன்றாள். இரண்டு முறையும் நீ எடுக்கவில்லை. மாப்பிள்ளை கிரண் அனுப்பிய போட்டோவில் உனக்குக் கிராப்பு. உன் தலைமுடிக்கு நான் வாரியிறைத்த செம்பருத்தி இலை எத்தனை கூடை என்று உனக்குத் தெரியும்.

போனில் பேசு என்று மட்டும் சொல்லாதே. காதுக்குக் கருவி வைத்தும் உன் குரல் தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டுவதுபோலத்தான் கேட்கிறது. எழுது. முந்தின கடிதத்தில் தேதி போடவில்லை.

அம்மா
ஜெயம்


ஹாமில்டன், நியூசிலாந்து
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

தேதி போட்டுவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரும் துரத்தவில்லை என்று கீதாவிடம் சொல்லுங்கள். போட்டி மார்ச் ஒன்றாம் தேதி, சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு ஏரியில் இறங்கி நள்ளிரவுக்குள் ஓடி முடித்தால் போதும். ஜெயிப்பது என் எண்ணத்தில் இல்லை. முடிக்க வேண்டும், அவ்வளவுதான். இதை நான் முடித்தே ஆகவேண்டும் அம்மா.

இதில் பாதி வேலை உடம்பைப் பழக்குவது, மீதிப் பாதி உடம்பை உறுத்தாத சாமான்களைத் தேடுவது என்று இப்போதுதான் தெரிகிறது. ஒரு மணி நேரத்தில் தெரியாத உறுத்தல் ஏழாவது மணி நேரத்தில் ரத்தமாகிவிடும். சைக்கிள் சீட்டே இதுவரை ஐந்து மாற்றிவிட்டேன். மெத்தை அதிகம் இருப்பதுதான் சுகம் என்று நினைத்தேன். அது தப்பு. மெத்தை அமுங்கி அமுங்கி இன்னும் தேய்க்கிறது. ஐந்தாவது சீட் கெட்டியானது, நடுவில் பள்ளம் விட்டது, அதுதான் ஒத்துக்கொண்டது. ஷூ என் அளவுக்கு அரை சைஸ் பெரியது, மாலையில் கால் வீங்கும் என்பதால். குளிர்ந்த தண்ணீருக்கான ரப்பர் உடை கழுத்தை அறுக்காமலிருக்கக் களிம்பு. சாப்பாடுகூடப் பழக வேண்டியிருக்கிறது. சீட்டில் உட்கார்ந்தபடியே உப்புப் போட்ட அவித்த உருளைக்கிழங்கு.

இந்த விளையாட்டில் எல்லோரும் சொல்லும் ஒரே விதி: போட்டி நாளில் புதிதாக எதையும் போடாதே.

எல்லாம் கிடைத்துவிட்டது, ஒன்றைத் தவிர. உள்ளே போட ஒரு மெல்லிய கையில்லாச் சட்டை. கடையில் வாங்கியவை எல்லாம் இடது அக்குளுக்குக் கீழே உறுத்துகின்றன. எனக்கு அங்கே தோல் கொஞ்சம் மென்மை. பட்டில், பக்கத்தில் தையலே வராமல், நீங்கள் தைத்துத் தர முடியுமா?

உங்கள் மதி


ஆரணி
17 செப்டம்பர் 2024

அன்பு மதி,

ஐந்து சீட் மாற்றினவள் ஆறாவதாக அம்மாவை நினைத்தாய். சரி.

சேவூர் தணிகாசலத்தைக் கூப்பிட்டு அனுப்பினேன். அப்பாவின் பட்டுக் கடைக்கு முப்பது வருடம் நெய்தவன். ஜரிகை இல்லாமல், கரை இல்லாமல் வெறும் பட்டு ஒன்றரை கெஜம் வேண்டும் என்றேன்.

"ஒன்ற கெஜத்துக்கு யாரும்மா தறியில பாவு பூட்டுவா?"

"நீ பூட்டுவாய்."

"இன்னாத்துக்கும்மா, சொல்லுங்க."

"மதி சைக்கிள் ஓட்டப் போகிறாள்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "பட்டு கட்டிகினா? எங்க, மணவறைக்கா?" என்றான். பிறகு, தறியில் ஓடுகிற பாவு நூல் முடியும் இடத்தில் ஒன்றரை கெஜம், குறுக்கே மெல்லிய ஊடை நூல் போட்டு நெய்து தருவதாக ஒப்புக்கொண்டான்.

பட்டு இழுத்தால் நீளாது. ஆகவே துணியைக் குறுக்காக, கிராஸ் கட்டில் வெட்டுவேன். பக்கத் தையலை முதுகுக்குத் தள்ளிவிடலாம். ஆனால் அளவு பிசகக்கூடாது. கான்வென்ட்டில் எங்களுக்குத் தையல் வகுப்பு எடுத்த சிஸ்டர் பெனடிக்டா, ஒரு பக்கம் அளந்து இரண்டால் பெருக்குகிறவளை வகுப்பிலிருந்து வெளியே நிறுத்துவார். யாருக்கும் இரண்டு பக்கமும் ஒன்றாய் இருக்காது என்பார். நெஞ்சின் நடுவிலிருந்து அக்குள்வரை, வலது தனியாக, இடது தனியாக எடு. டேப்பைக் கண்ணாடி முன் நின்று பிடி. மாப்பிள்ளையைப் பிடிக்கச் சொல்லாதே, ஆண்கள் டேப்பை இறுக்குவார்கள்.

அம்மா


ஹாமில்டன்
8 அக்டோபர் 2024

அம்மா,

கண்ணாடி முன் நின்று எடுத்தேன். வலது ஒன்பதரை அங்குலம். இடது ஏழேகால். இடுப்பு, முதுகு, உயரம் எல்லாம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

மதி


ஆரணி
30 அக்டோபர் 2024

மதி,

நாளை தீபாவளி. உனக்கு எடுத்த புடவை அலமாரியில் மூன்றாவதாகச் சேர்கிறது.

நீ அனுப்பியது அளவு இல்லை. கால் அங்குலம் வித்தியாசம் எல்லோருக்கும் உண்டு. அரை அங்குலம் சிலருக்கு உண்டு. இரண்டேகால் அங்குலம் யாருக்கும் இருக்காது. இடது பக்கம் எடுக்கும்போது டேப்பின் நுனி எங்கே இருந்தது? சின்ன வயதிலும் நீ இப்படித்தான், பாதிக் கணக்குக்கு விடையை எழுதிவிட்டு எழுந்து போவாய்.

திரும்ப எடுத்து அனுப்பு. நிதானமாக.

அம்மா


ஹாமில்டன்
19 நவம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

திரும்பவும் எடுத்தேன். ஒன்பதரை, ஏழேகால். அளவு சரிதான் அம்மா. ஏன் எப்படி என்று கேட்காமல் இப்படியே வெட்டுங்களேன். உங்களிடம் நான் இந்த மாதிரி எதுவும் கேட்டதில்லை.

நேற்று நூற்றிருபது கிலோமீட்டர் ஓட்டினேன். சீட் பேசவே இல்லை. கழுத்து மட்டும் கொஞ்சம் முனகியது. முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டுகிற கம்பியை ஒரு விரல் உயர்த்தினேன், சரியாகிவிட்டது. ஒரு விரல் அளவில் எத்தனை வலி இருக்கிறது பாருங்கள்.

அலமாரிப் புடவைகளுக்குக் கட்டாயம் வருவேன்.

உங்கள் மதி


ஆரணி
14 டிசம்பர் 2024

அன்பு மதி,

இந்தப் பொட்டலத்தில் உன் சட்டை இருக்கிறது. ஒன்பது நாள் தைத்தேன். மிஷினில் இல்லை, கையால். உட்பக்கத்தைக் கன்னத்தில் தேய்த்துப் பார், ஒரு முடிச்சு தட்டாது. அளவெல்லாம் நான் பார்த்துக்கொண்டேன், நீ கவலைப்படாதே.

மூலையில் மஞ்சள் வைத்திருக்கிறேன். சாமி முன் மூன்று நாள் வைத்து எடுத்தது. போட்டி அன்று காலையில்தான் இதை முதன்முதலாக உடுத்த வேண்டும். அதற்கு முன் போட்டுப் பார்க்காதே, தண்ணீரில் நனைக்காதே. உங்கள் விதியை நான் மறக்கவில்லை. அது கடைத் துணிக்கு. அப்பா கடையில் முகூர்த்தப் புடவை எடுத்துப் போனவர்கள் முன்னதாகவே உடுத்திப் பார்த்தார்கள் என்று கேள்விப்பட்டால் அவர் முகம் எப்படிச் சுருங்கும்! புதுசைப் பழசாக்கி நல்ல நாளுக்கு உடுத்துகிற வழக்கம் நம் வீட்டில் இல்லை.

மார்ச் ஒன்றாம் தேதி நான் விடியற்காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். உங்கள் நேரம் நமக்கு முந்தியது என்று கீதா சொன்னாள். அப்படியானால் நான் குளிக்கும்போது நீ தண்ணீரைவிட்டுக் கரையேறியே இருப்பாய். முடித்ததும் எழுது.

அம்மா
ஜெயம்


ஹாமில்டன்
9 மார்ச் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

முடிக்கவில்லை. நூற்று நாற்பதாவது கிலோமீட்டரில் சைக்கிளைவிட்டு இறங்கிவிட்டேன்.

உடம்பு நன்றாக இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இனி சொல்வதை உட்கார்ந்து படியுங்கள்.

2023 பிப்ரவரியில் எனக்கு அறுவை சிகிச்சை நடந்தது. புற்றுநோய். இடது மார்பை எடுத்துவிட்டார்கள். பிறகு ஏழு மாதம் மருந்து ஏற்றினார்கள், அதில்தான் முடி போனது. அந்த ஆவணிக்கு நான் வராதது அதனால். போனில் முகம் காட்டாததும் அதனால். நீங்கள் திருப்பிக் கேட்ட ஏழேகால் அங்குலமும் அதுதான் அம்மா.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அப்பாவுக்கு வந்தபோது நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. வேலூருக்குக் கண் பரிசோதனைக்குப் போகிறோம் என்று தெருவெல்லாம் சொன்னீர்கள். நான்கு பேர் பரிதாபப்பட வீடு திறந்து வைக்க முடியாது என்றீர்கள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வந்தபோது அது ஒன்றுதான் செய்யத் தெரிந்தது.

பொட்டலம் சுங்கத்தில் சிக்கி, போட்டிக்கு ஐந்து நாள் முன்புதான் வந்தது. இவர் போட்டுப் பார் என்றார். ஒரு முறை ஓட்டிப் பார், உன் விதிதானே என்றார். மஞ்சளைப் பார்த்தேன். உங்களிடம் இவ்வளவு பெரியதை மறைத்தவள், இந்தச் சின்னதிலாவது சொன்னபடி கேட்போம் என்று மடித்து வைத்துவிட்டேன். சட்டையின் அளவு தப்பும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அளவில் நீங்கள் தவறி நான் பார்த்ததில்லை.

இரண்டு பக்கமும் ஒன்பதரையாக வெட்டியிருக்கிறீர்கள்.

தண்ணீரில் தெரியவில்லை. சைக்கிளில் குனிந்ததும் இடது பக்கத்து மிச்சத் துணி ஈரத்தோடு மடிந்து, அந்தத் தழும்பின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தேய்ப்பு. அறுபதாவது கிலோமீட்டரில் எரிந்தது. நூறில் மேலுடுப்பில் ரத்தம் தெரிந்தது. நூற்று நாற்பதில் தண்ணீர் கொடுக்கும் பெண் ஒருத்தி என்னை நிறுத்திக் கத்தரிக்கோல் கொண்டுவந்தாள். வெட்டி எறிந்துவிட்டுப் போ என்றாள். வேறு யார் சட்டையாக இருந்தாலும் வெட்டியிருப்பேன். நான் வேண்டாம் என்றேன். அவள் மருத்துவரைக் கூப்பிட்டாள். அவர் காயத்தைப் பார்த்தார், மேலே ஓட்ட என்னை விடவில்லை.

உங்கள்மேல் கோபமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேனா என்று தெரியவில்லை.

மதி


ஆரணி
28 ஏப்ரல் 2025

என் கண்ணே மதி,

உன் கடிதம் நான்கு வாரம் முன்பே வந்துவிட்டது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். தேதி போட்டேன். அதற்கு மேல் வரவில்லை. தினமும் ஒரு தாளில் தேதி போட்டேன்.

நீ சட்டைக்கு அனுப்பிய அளவில் காகிதம் வெட்டினேனே, அது இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். முதலில் பென்சிலில் ஏழேகாலுக்குத்தான் கோடு போட்டிருக்கிறேன். பிறகு அழித்துவிட்டுச் சிவப்பில் ஒன்பதரை போட்டிருக்கிறேன். அழித்த கோடு இன்னும் தெரிகிறது. என் பெண் டேப் பிடிக்கத் தெரியாதவள் என்று நினைக்க எனக்குச் சுலபமாய் இருந்தது. வேறு எதையும் நினைக்கத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் தனித்தனியாய் அள என்று நானே எழுதினேன். நீ அளந்து அனுப்பினாய்.

நீ மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஏழு மாதமும் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். மழை வரவில்லை, முருங்கை காய்க்கவில்லை, நீ கடிதம் போடுவதில்லை.

அப்பாவைப் பற்றி நீ எழுதியது சரி.

புறப்பட்டு வருகிறேன் என்று கீதாவிடம் சொன்னேன். பாஸ்போர்ட் தேதி முடிந்து ஆறு வருடம் ஆகிறது. புதுப்பிக்க விண்ணப்பம் போட்டிருக்கிறாள். வந்தாலும் நான் என்ன செய்யப் போகிறேன்? நீ பேசினால் காதில் விழாது. உனக்கு வைக்கிற காரக்குழம்பை நீ இப்போது சாப்பிடலாமா என்றுகூட எனக்குத் தெரியாது.

தணிகாசலம் வந்தான். "பாப்பா ஓடி முடிச்சிச்சாம்மா?" என்றான்.

"இல்லை. சட்டை உறுத்தி இறங்கிவிட்டாள்."

அவன் முகம் மாறிவிட்டது. "நம்ம துணியிலயா குத்தம்?"

"துணியில் இல்லை. என் கத்தரியில்."

"உங்க கத்தரியிலயா? சும்மா சொல்லாதீங்கம்மா," என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திவிட்டான். ஒரு வாரத்தில் இன்னொரு ஒன்றரை கெஜம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

வலது ஒன்பதரை. இடது ஏழேகால். அப்படியே வெட்டியிருக்கிறேன். மஞ்சள் வைக்கவில்லை. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் இதுவரை ஏழு முறை அலசி நிழலில் உலர்த்திவிட்டேன். புதுப் பட்டை நனைக்காதே என்று ஊருக்கே சொன்னவள். கீதா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "இன்னாம்மா, பட்டத் தெனம் தோய்ச்சிகினு கீறீங்க? பேஜாராப் பூடும் பாருங்க," என்கிறாள். ஆகட்டும் என்றேன். இருபது முறை அலசிய பிறகுதான் அனுப்புவேன். உன் கைக்கு வரும்போது அது பழசாக இருக்க வேண்டும். வந்த அன்றே போட்டுப் பார். ஓட்டிப் பார். எங்கே உறுத்துகிறது என்று எழுது. நல்லதாக எழுத வேண்டியதில்லை.

தழும்பு இப்போது எரிகிறதா?

அம்மா


ஹாமில்டன்
2 ஜூலை 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

சட்டையைப் போட்டுக்கொண்டு ஏரியில் நீந்தினேன், தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டினேன். கழற்றும்போதுதான் அதைப் போட்டிருப்பது ஞாபகம் வந்தது. சாமான்களைப் பற்றி நாங்கள் சொல்லக்கூடிய பெரிய பாராட்டு அதுதான். அடுத்த மார்ச்சுக்குப் பெயர் கொடுத்தேன்.

இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்று முடிவு செய்துவிட்டதால் எழுதுகிறேன். போன வாரம் ஆறு மாதப் பரிசோதனை. வலது பக்கம் ஏதோ தெரிகிறது என்றார்கள். ஊசி வைத்து எடுத்துப் பார்த்தார்கள். அதேதான். ஆகஸ்ட் ஆறாம் தேதி அறுவை சிகிச்சை. எவ்வளவு எடுப்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரியும். மார்ச் போட்டியிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி இவர் எழுதிவிட்டார்.

இந்த முறை பயமாக இருக்கிறது.

உங்கள் மதி


ஆரணி
24 ஜூலை 2025

என் கண்ணே மதி,

கடிதம் இன்று பகல் பதினொன்றரைக்கு வந்தது. இது உன் கைக்கு வரும்போது ஆறாம் தேதி தாண்டியிருக்கும். ஆகவே தைரியமாக இரு என்று எழுதி அடித்துவிட்டேன். நீ தைரியமாக இருந்தாயா இல்லையா என்பது முடிந்துபோயிருக்கும்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசாவுக்குப் போட்டிருக்கிறோம். எத்தனை வாரம் ஆகும் என்று சொல்ல மறுக்கிறார்கள். இன்று மாலை தெருவில் கீதாவும் இன்னும் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். நானே போய்ச் சொன்னேன். என் மகளுக்கு இந்த நோய், இன்ன தேதியில் அறுவை சிகிச்சை என்று சத்தமாகவே சொன்னேன், என் காதில் விழவேண்டுமே. கீதா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பரிதாபம்தான் பட்டாள். பட்டுக்கொள்ளட்டும் என்று நானும் கையை எடுக்காமல் நின்றேன்.

மதி, நான் உட்கார்ந்த இடத்திலிருந்து செய்யக்கூடியது ஒன்றுதான் இருக்கிறது. தணிகாசலத்திடம் இன்னொரு ஒன்றரை கெஜம் சொல்லிவிட்டேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. மேஜைமேல் புதுக் காகிதம் விரித்து வைத்திருக்கிறேன். நடுக்கோடு மட்டும் போட்டிருக்கிறேன். வலது பக்கமும் இடது பக்கமும் காலியாக இருக்கின்றன.

காயம் நன்றாக ஆறட்டும். கையைத் தூக்க முடிகிறபோது டேப்பை எடு. மாப்பிள்ளை பிடித்தாலும் பரவாயில்லை. இரண்டு பக்கமும் அளந்து எழுது. என்ன எண் வந்தாலும் எழுது. நான் திருப்பிக் கேட்கமாட்டேன். நீ எழுதுகிறதை அப்படியே வெட்டுவேன்.

அம்மா